பிலோமினாவின் நட்சத்திரமும் கால் கட்டைவிரலும்

பிலோமினா தைக்க உட்கார்ந்தால் கையோடு காலும் வேலை செய்யும். துணியின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலிடுக்கில் மாட்டி, மறுமுனையை இடக்கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மடமடவென்று ஊசியை ஓட்டிவிடுவாள். உத்தமபாளையத்துக்கு மேற்கே அந்தக் கிறிஸ்தவ வேதக்கார ஊரில் ரவிக்கைக்கும் கிழிசலுக்கும் அவளை விட்டால் ஆளில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

1937 கடைசியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சர் வேண்டியிருந்தது. மடத்துத் தலைவியான மதர் அவளைக் கூப்பிட்டு, ஒரு படத்தையும் சிவப்பும் மஞ்சளுமாகக் கொஞ்சம் துணியையும் கொடுத்துத் தைத்துக் காட்டச் சொன்னார். காகிதத்தில் அளவு வெட்டிக்கொண்டு, அதை வைத்துச் சீட்டுக்கட்டு டைமன் மாதிரி எட்டுத் துண்டு வெட்டி, நுனிகள் நடுவில் கூடும்படி ஒட்டித் தைத்தால் பெரிய நட்சத்திரம். மெத்தைப் போர்வைக்கு மேல்துணி அது.

அந்த வேலை அவளுக்கு வேண்டும். புருஷன் மரியராஜ் போன வருஷம் மலைமேல் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய், மலைக்காய்ச்சலோடு டோலியில் இறங்கி வந்தவன். பாதிரியார் வந்து கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போன பிறகு பிழைத்தான். பொங்கல் கழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மறுபடி வருவார். பள்ளிக்கூட வேலை கிடைத்தால் அவன் மலையேற வேண்டாம். இல்லையென்றால் வேறு வழியே இல்லை.

தைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினாள். மதர் அதை மேசையில் விரித்து, தண்ணீர் நிறைந்த டம்ளரை நட்சத்திரத்தின் நடுவில் வைத்தார். நடுவு பொம்மென்று எழும்பி நின்றதால் டம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது.

"படியவில்லையே, பிலோமினா. திங்கட்கிழமை கொண்டுவா, பார்க்கலாம். வேறு துணி கிடையாது" என்றார் மதர்.

வீட்டுக்கு வந்து செம்பில் தணல் அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். அம்மிக்கல்லைத் தூக்கி ஒரு ராத்திரி பூராவும் மேலே வைத்தாள். கல்லை எடுத்ததும் பழையபடி எழும்பியது. துணியைத் திட்டினாள், படத்தைத் திட்டினாள், மதர் பிறந்த சீமையையும் விடவில்லை.

மரியராஜ் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏ புள்ள, இது நட்சத்திரமா? நல்லா உப்புன பணியாரம்ல!"

"சிரிங்க. மலைக்குப் போறவுகளுக்கு என்ன கவலை!" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று அவளுக்கே உறைத்தது. அவன் வெளியே போய்விட்டான்.

துணியைப் பிரித்தே போட்டுவிடலாமென்று திருப்பியவள், தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவினாள். எட்டில் ஆறு நெளிந்து கிடந்தது. இரண்டு மட்டும் பேசாமல் படிந்திருந்தது. கடைசியாகப் போட்ட இரண்டு அவை. அன்றைக்கு ஓடைக்கரையில் கருவேல முள் குத்தி, கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தாள். காலை நீட்ட முடியாமல் மடியில் வைத்துத்தான் தைத்தாள்.

அப்படியென்றால் கோளாறு துணியில் இல்லை, காலில்! சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும், நீண்டால் நெளிந்து எழும்பும் என்பது ரவிக்கைக் கை வெட்டுகிறவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கால்விரல் அவளைக் கேட்டா இழுக்கிறது? வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

ஆறு தையலையும் பிரித்தாள். துண்டுகளைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, முதலில் வெட்டிய காகித அளவுக்கே தட்டித் தட்டிச் சுருக்கிக் காயவைத்தாள். பிறகு சம்மணம் போட்டு, இரண்டு காலையும் சேலைக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு தைத்தாள். பழகிய விரல் உள்ளுக்குள்ளேயே துடித்தது. விடவில்லை.

திங்கட்கிழமை மதர் மறுபடியும் டம்ளரை நடுவில் வைத்தார். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தபோது விளிம்புவரை தண்ணீர் அப்படியே நின்றது.

"ஜனவரியில் வந்துவிடு" என்றார் மதர்.

வீடுவரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மரியராஜ் மலைக்குக் கொண்டுபோகும் கம்பளியை மூட்டையாகக் கட்டி மூலையில் வைத்திருந்தான். அதைக் கண்டதும் அழுகை பீறிட்டது. எத்தனையோ நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அது. அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

"என்ன புள்ள, மதர் என்ன சொன்னாக?" என்று பதறினான் அவன்.

அவள் மூட்டையின் முன்னால் உட்கார்ந்தாள். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. கயிற்றின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டினாள்.

"இப்ப இழு, நல்லா இழு" என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.