பறக்கும் படகுக்கு எலுமிச்சம்பழம்

இன்று ஆயுத பூசை. ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் மானிட்டர் முதல் பிரிண்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக மாதக்கணக்கில் நான் செய்துவந்த பறக்கும் படகும் இன்றுதான் முடிந்தது. வயிற்றால் தண்ணீரில் இறங்கும் அந்தக் காலத்து விமானம் அது. இறங்குவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் குளத்தையும் வரைந்து, மழை நிரப்பாமல் விட்ட தண்ணீரை நானே நிரப்பி வைத்திருந்தேன்.

ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தால், முதலாளி அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்கிறார்.

"புது வண்டில்லா? சக்கரத்துக்கு அடியில பழம் வச்சு நசுக்காம எடுக்கக்கூடாது. சக்கரம் எங்க?"

"இதுக்குச் சக்கரமே கிடையாது அண்ணாச்சி. தண்ணியில எறங்குறது."

"சக்கரம் இல்லாத வண்டிக்கு எவன்லே பூசை போடுவான்? ரெண்டு சக்கரத்தப் போடு. அதுவரைக்கும் மிஷினத் தொடாத."

கம்ப்யூட்டர் அவருடையது. சக்கரம் வரைந்தேன். திரையில் அதற்கு நேர் கீழே மேசையில் பழத்தை வைத்து, சூடம் காட்டினார்.

சக்கரம் வந்துவிட்டதால் விமானம் ரோட்டிலேயே ஓடி அழகாக எழும்பியது. குளத்தில் இறங்கும்போது அதே சக்கரம் தண்ணீரில் இடறி, விமானம் குப்புறக் கவிழ்ந்து நொறுங்கியது.

அண்ணாச்சி திரையைப் பார்க்கவே இல்லை. பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பழம் நசுங்கவே இல்ல, பாத்தியா. அதான்."

அடுத்து நீர்மூழ்கிக் கப்பல் செய்யலாம் என்றிருக்கிறேன். அதில் சக்கரத்தை எங்கே மாட்டுவது என்று இந்தச் சிமுலேட்டர் மின்னஞ்சல் குழுவில் யாராவது சொல்லுங்கள்.