ஒன்பது கிலோவுக்குள் ஒரு மரம்

வசந்த காலத்தில் எனக்கு ஹேர்னியா ஒப்பரேஷன் நடந்தது. கூரை வேலை செய்த உடம்பு. நடக்கலாம், மெல்ல ஏறலாம் என்றார் டொக்டர். இருபது இறாத்தலுக்கு மேல் சுமக்கக் கூடாது என்றார். பக்கத்தில் மனைவி இருந்தாள். அங்கேயே அதைக் கிலோவாக்கினாள். ஒன்பது. மிச்சத்தைத் தள்ளிவிட்டாள்.

இனிக் கூரைக்கு அனுப்பமாட்டோம் என்று வேலையில் சொன்னார்கள். யார்டில் சாமான் ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சரி என்றேன். ஆனால் இலையுதிர்காலத்தில் மான் வேட்டை தொடங்கும். எனக்கு இனி உயரம் என்றால் வேட்டைக்கு ஏறுகிற மரம் ஒன்றுதான். அதுவும் இல்லை என்றால் தரையில்தான் நிற்க வேண்டும்.

நான் வேட்டைக்குப் போவது வில்லோடு. மரத்தில் ஏறிக் காத்திருக்க வேண்டும். அதற்குச் சேடில் என்று ஒன்று இருக்கிறது. இடுப்பையும் தொடையையும் சுற்றிப் பிடிக்கிற அகலமான வார். அதை ஒரு கயிற்றால் மரத்தோடு கொளுவிவிட்டுப் பின்னால் சாய்ந்தால் காற்றில் இருக்கலாம். கூரையில் கட்டுகிற ஹார்னெஸ் விழாமல் பிடிக்கும், அவ்வளவுதான். இது தாங்கும்.

மரத்தில் ஏற நான்கு ஏணித் துண்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு பட்டியால் மரத்தைச் சுற்றி இறுக்க வேண்டும். மேலே கால் வைக்க ஒரு சின்னத் தட்டு. அதற்கும் ஒரு பட்டி. நாங்கள் போவது நகரத்துக்கு வடக்கே ஒரு பொதுக் காடு. எதையும் மரத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. எல்லாவற்றையும் சுமந்து போய்ச் சுமந்து வர வேண்டும்.

கூட வருகிறவன் என் கூட்டாளி. மன்னாரில் ஒரே பள்ளிக்கூடம். நான் வேதக்காரன், கிறிஸ்தவன்; அவன் முஸ்லிம். இப்போது ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் நகைக்கடை வைத்திருக்கிறான். சின்ன உடம்பு. என் வில்லைத் தான் கொண்டுவருவதாகச் சொன்னான். வில்லைக் கொடுத்தேன். மற்றதைக் கொடுக்கவில்லை. அவனுடைய பையே அவனை மறைக்கும்.

கோடை முடிகிற நேரம் பையைக் கட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கொழுக்கித் தராசு ஒன்று இருக்கிறது. கொழும்புக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிறது. மனைவி பையை அதில் கொளுவித் தூக்கினாள். பத்தரைக் கிலோ.

"போகேலாது" என்றாள்.

நான் அறைக்குள் போனேன். கத்தி, டோர்ச், கொழுக்கிகள், கையுறை எல்லாவற்றையும் ஜக்கெட் பொக்கெற்றுகளில் போட்டுக்கொண்டு வந்து பையை மறுபடி நீட்டினேன். அவள் பையைப் பார்க்கவில்லை. என் ஜக்கெட்டைத் தட்டிப் பார்த்தாள். எயார்போட்டில் அந்த வித்தையைச் செய்கிறவளே அவள்தான். ஒரு முறை பால்மா ரின்களைக் குளிர்க் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவள். நடந்தபோது கோட்டு தானாக மேளம் அடித்தது.

"இஞ்சாருங்கோ, ஆருக்குச் சுத்துறியள்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கூட்டாளியிடம் சொன்னேன். அவன் பையைக் கொட்டச் சொன்னான். ஏணித் துண்டு அலுமினியம், குறைக்க வழியில்லை. சேடிலில் கை வைக்க முடியாது. கனம் பட்டிகளில் இருந்தது. எல்லாம் தடித்த நைலோன், நுனியில் இரும்புப் பூட்டு. ஒன்றோடு ஒன்று முட்டினால் சத்தம் வேறு. பட்டிகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வா என்றான்.

சனிக்கிழமை போனேன். கண்ணாடி மேசைக்கு மேல் பவுன் நிறுக்கும் தராசு. அதில் என் பச்சைப் பட்டியைச் சுருட்டி வைத்தான். அழுக்குப் பட்டி. போன வருடத்துப் பிசின் ஒட்டியிருந்தது.

"இருவது பவுன்" என்றான்.

அவனுக்குக் கிராம் வாயில் வராது. எதையும் எட்டால் பிரித்துத்தான் சொல்லுவான். அங்காலே ஒரு தாயும் மகளும் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது பவுன் என்றதும் தாய் திரும்பினார். தராசைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார்.

"உது என்ன தம்பி, புது டிசைனோ?"

"மரத்துக்குக் கட்டுறது, அன்ரி" என்றான் இவன், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

"மரத்துக்கோ? செவ்வாய் தோசமோ?"

மகள் மேசையில் தலையை வைத்துவிட்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. என் கூட்டாளி மற்றப் பெட்டியைத் திறந்தான். அவன் ஓடர் பண்ணி எடுத்த இரண்டு வகை இருந்தது. ஒன்று மெல்லிய சாம்பல் கயிறு, பூட்டு இல்லை. சுண்டுவிரல் தடிப்புக் கூட இல்லை. ஆனால் ஒரு லொறியை இழுக்குமாம். நான்கு பவுன். மற்றது மெல்லிய பட்டி, இரும்பே இல்லை. நீளத்துக்கும் சின்னச் சின்னக் காதுகள் வைத்துத் தைத்தது. மரத்தைச் சுற்றி இழுத்து, எட்டுகிற காதை ஏணியின் குமிழில் மாட்டினால் சரி. ஏழு பவுன்.

அந்த அம்மா இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். நகை பார்க்கிற மாதிரியே பார்த்தார். பட்டிதான் வடிவு என்றார். கயிறு நாளைக்கு அறும் என்றார். மகள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று திரும்பி, மரத்துக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது.

நான் கயிறு என்றேன். நான்கு பவுன் எங்கே, இருபது பவுன் எங்கே. அவன் முதலில் கட்டிப் பார் என்றான்.

என் வீட்டுப் பின்வளவில் ஒரு மரம் நிற்கிறது. வழுவழுப்பான பட்டை. முழங்கால் உயரத்தில் ஒரு ஏணித் துண்டைக் கயிற்றால் கட்டி ஏறி நின்றேன். அசையவில்லை. குதித்தேன். அசையவில்லை. கூட்டாளி கை தட்டினான். ஆனால் காட்டில் மரம் காய்ந்து இருக்காது. ஈரக் கூரையில் நின்றவனுக்கு அது தெரியும். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற குழாயை எடுத்து மரத்தை நனைத்தேன். மறுபடி ஏறினேன்.

ஏணி என்னோடு கீழே வந்தது. மெதுவாக வந்தது. நான் நிமிர்ந்து நின்றபடியே, சொப்பிங் மோல் லிப்ட்டில் இறங்குகிறவன் போல வந்து புல்லில் நின்றேன். கூட்டாளி புல்லில் இருந்துவிட்டான். எழும்ப முடியவில்லை அவனால். தலையில் கை வைத்து, "கிரவுண்ட் புளோர்" என்றான். குசினி யன்னலில் மனைவி நின்றாள். அவள் சிரிக்கவில்லை. யன்னல் திரையை இழுத்துவிட்டாள். திரை ஆடியது.

காது வைத்த பட்டியைக் கட்டினேன். நனைத்தேன். குதித்தேன். நின்றது. அகலம் இருப்பதால் பட்டையைக் கவ்வியது. அந்த அம்மா சொன்னதுதான் சரி.

தட்டுக்கும் இந்தப் பட்டியையே போடலாமா என்று கூட்டாளி கேட்டான். வேண்டாம் என்றேன். காலுக்குக் கீழே இருப்பதையும் என்னைத் தாங்கும் கயிற்றையும் நான் தொடமாட்டேன். தட்டின் பட்டி பழையபடி இரும்புப் பூட்டோடு இருக்கட்டும். குறைக்கிறது மற்றதில்.

மறுபடி நிறுத்தோம். ஒன்பதுக்கு மேல் இன்னும் ஒரு கிலோ நின்றது. சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். கத்தியின் உறையை எடுத்தேன். பிறகு பட்டிகளின் வாலைப் பார்த்தேன். பெரிய மரத்துக்கும் எட்ட வேண்டும் என்று நீளமாக விட்டிருந்தார்கள். காதுகளை எண்ணி, வேண்டாத நுனியை வெட்டி, லைட்டரால் உருக்கி விட்டேன். இனித் தடித்த மரத்துக்கு எட்டாது. எங்களுக்குக் கட்டக்கூடிய மரமாகப் பார்க்க வேண்டும்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மரம் பார்க்கக் காட்டுக்குப் போனோம். பையும் இல்லை, வில்லும் இல்லை. அளவு நாடாவைக் காரில் விட்டுவிட்டோம். கூட்டாளிக்கு ஒரு யோசனை வந்தது. பட்டியின் நீளம் என்னுடைய இரண்டு கையின் நீளம். நான் கட்டிப்பிடித்து விரல் முட்டினால் அந்த மரம் சரி. அப்படியே செய்தோம். நான் ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடித்தேன். அவன் பின்னால் நின்று விரல் முட்டுகிறதா என்று பார்த்தான். இவள் கொஞ்சம் உடம்பு என்பான். இவள் மெலிவு, காற்றுக்கு ஆடுவாள் என்பான்.

ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு வந்தார். நான் ஒரு மரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். விட்டால் இன்னும் பிழையாகத் தெரியும் என்று விடவில்லை. அவர் நின்றார். தானும் இப்படிச் செய்வதுண்டு என்றும் மனதுக்கு நல்லது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்து மரத்தைக் கட்டிப்பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கூட்டாளி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் ஒன்றைப் பிடித்தான். மூன்று பேரும் நின்றோம். நாய் இருந்து பார்த்தது.

அவர் போன பிறகு பார்த்தால், அவர் பிடித்த மரம்தான் எனக்குச் சரியான அளவு. கீழே மான் தடமும் இருந்தது.

வேட்டை நாள் வந்தது. விடியமுதல் மனைவி எழும்பித் தராசோடு நின்றாள். முதலில் ஜக்கெட்டைத் தட்டினாள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். பிறகு பையைக் கொளுவினாள். நான் இலக்கத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தேன். எட்டுப் புள்ளி ஒன்பது.

"ஓம். போங்கோ" என்றாள்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பையை முதுகில் ஏற்றினேன். கதவைத் திறந்தேன். அப்போது அவள் குசினிக்குள் போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புட்டு, முட்டைப்பொரியல், ஆட்டிறைச்சிக் கறி, ஒரு போத்தல் தேத்தண்ணீர். இறைச்சி கூட்டாளிக்கும் ஏற்றது, பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னாள். தூக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ வரும்.

"இதை நிறுக்கேல்லையே?"

"சாப்பாட்டை ஆரும் நிறுப்பினமோ?" என்றாள். கதவைச் சாத்திவிட்டாள்.

காட்டு ஓரத்தில் காரை நிறுத்தினோம். இருட்டு. அந்தப் பையை இருவரும் பார்த்தோம். விட்டுவிட்டுப் போனால் திரும்பிப் போய் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாது. சுமந்தால் டொக்டருடைய கணக்குப் பிழைக்கும். கூட்டாளி மூடியைத் திறந்தான். காரின் உள்விளக்கில் வைத்துச் சாப்பிட்டோம். முழுவதும் சாப்பிட்டோம். கடைசித் துண்டு முட்டைப்பொரியலை அவன் என் வாயில் வைத்தான்.

"வயித்துக்குள்ள இருந்தால் பாரம் இல்லை, மச்சான்" என்றான்.

"டொக்டர் சுமக்க வேண்டாமெண்டுதான் சொன்னவர்" என்றேன்.

நடந்தோம். பை முதுகில் இருப்பதே தெரியவில்லை. வயிறு இருப்பது தெரிந்தது. மரத்தடியில் முதல் துண்டை வைத்தேன். பட்டியைச் சுற்றினேன். காது குமிழில் மாட்டியது. சத்தமே இல்லை. இரண்டாவது. மூன்றாவது. மெல்ல ஏறினேன். நான்காவதைக் கட்டித் தட்டை வைத்து, கயிற்றைக் கொளுவி, பின்னால் சாய்ந்தேன். சேடில் பிடித்தது. காலுக்குக் கீழே காற்று.

விடிந்து வெளித்தது. மேப்பிள் இலையெல்லாம் எரிகிற நிறம். தூரத்தில் நெடுஞ்சாலை இரைந்தது. கூட்டாளி அங்கால் மரத்தில் மூட்டை மாதிரித் தொங்கினான். அவனைப் பார்த்ததும் எனக்கு அந்த லிப்ட் நினைவு வந்தது. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். உடம்பு குலுங்கியது. உடம்போடு மரம் குலுங்கியது. இலைகள் கொட்டின.

அந்த நேரம் ஒரு மான் வந்தது. பெட்டை மான். எனக்கு நேர் கீழே நின்றது. தன் முதுகில் விழுகிற இலைகளைப் பார்த்தது. பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. நான் வில்லை எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அது வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கூட்டாளி அங்கிருந்து கையை விரித்துக் காட்டினான். என்ன மனிசன் நீ என்பதுபோல. நானும் கையை விரித்துக் காட்டினேன். தரைக்கு இருபது அடி. வயிறு வலித்தது, சிரித்த வலிதான். மாலைவரை இறங்கவில்லை.