கன்னியப்பன் சொல்லாமல் வைத்திருந்த பதினோரு நாள்

பஞ்சாலையில் மின்வேலை பார்த்த கன்னியப்பன் 1974-இல் கூரை விளக்கை மாற்ற ஏறியபோது ஏணியோடு விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மருத்துவர் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து, தங்கை குஞ்சம்மாள் காலில் வைத்த வெந்நீர்ப் பை தோலைக் கொப்புளமாக்கியும் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கண்டபோதுதான் நம்பினார்.

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஊரில், முத்தியால்பேட்டையில் அவர்கள் இருந்த வீட்டுக்கு வாசல் குறுகலானது. கட்டிலைக் கழற்றாமல் அவரை வெளியே கொண்டுபோக முடியாது. சன்னல் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தது. சன்னல் கம்பியில் குஞ்சம்மாள் ஒரு சைக்கிள் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டினாள். அதில் சந்தில் போகிறவர்களின் தலையும் தோளும் தெரியும்.

ஒரு பழைய ரேடியோவில் சிற்றலையைத் திருப்பிக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் தந்திக்குறியீட்டின் சத்தம் பிடிபட்டது. அது என்னவென்று விசாரித்தார். யாரும் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசலாம் என்று தெரிந்தது. இரண்டு வருடம் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டிப் பழகினார். 1979-இல் ஆலை நண்பர்கள் அவரை ஒரு வேனில் படுக்கவைத்து பரீட்சை எழுத மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். தேறி உரிமம் வாங்கி, கட்டிலருகே ஒலிபரப்பும் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டார். விழுந்தபிறகு அவர் ஊர் எல்லையைத் தாண்டியது அந்த ஒருமுறைதான்.

பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் ரெயூனியோன் தீவில் பெர்னார் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் அவருக்குப் பழக்கமானார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்த கன்னியப்பனுக்கு அந்த மொழி ஓரளவு வரும். 1986-இல் பெர்னார், விடுமுறைக்கு ஊர் வந்த ஒருவர் கையில் சின்னக் கணினி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதை ரேடியோவோடும் டிவியோடும் இணைத்ததும், கீச்சுக்குரலாகக் கேட்ட சத்தம் திரையில் எழுத்தாக ஓடியது. பெர்னார் வீட்டுக் கருவி தபால்பெட்டி மாதிரி. இங்கிருந்து கடிதம் அனுப்பினால் அங்கே தங்கும். பதிலை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தீவுவரை அலை நன்றாகப் போகும். ஐந்து மணிக்காகவே கன்னியப்பன் மற்ற நேரத்தைத் தள்ளினார்.

இரண்டு வீடு தள்ளி இருந்த அஞ்சலாட்சி மறு வருடம் வந்தாள். அவள் புருஷன் இராமதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக இருந்து, வேலை முடிந்தபிறகும் ரெயூனியோனிலேயே தங்கிவிட்டவன். ஒரு வருடமாகக் கடிதம் இல்லை.

"உசுரோட இருக்காரா இல்லியான்னு மட்டும் கேளுண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

"வேற ஆளுக்காகச் சேதி அனுப்பக் கூடாதும்மா. சட்டம். தெரிஞ்சா லைசென்சப் புடுங்கிடுவாங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

 அவள் தினமும் வந்து சன்னலோரம் நின்றாள். ஒன்பதாம் நாள் கன்னியப்பன், இராமதாஸின் முழுப்பெயரையும் கடைசியாக இருந்த விலாசத்தையும் அவளிடம் கேட்டுப் பெர்னாருக்கு அனுப்பினார்.  அந்த அலையில் யார் காது வைத்திருந்தாலும் அதைப் படிக்கலாம்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பெர்னார் நேரில் போய்ப் பார்த்திருந்தார். இராமதாஸ் நலம். அங்கே ஒரு பெண்ணோடு குடும்பம், இரண்டு வயதில் குழந்தை. தன்னைத் தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னானாம்.

குஞ்சம்மாள் கேட்டுவிட்டு, "பதில் வரலன்னு சொல்லிடு. அந்தப் பொண்ணு தாங்காது" என்றாள்.

அப்படியே சொன்னார். அடுத்த நாளும் சொன்னார். கண்ணாடியில் அவள் தலை தெரியும். எழுந்து உள்ளே போய்விடலாம், கதவைச் சாத்தலாம், வெளியூர் போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லலாம். கால் இருக்கிறவன் எதையாவது செய்வான். அவர் படுத்த இடத்திலேயே அவளுக்கு முகம் காட்ட வேண்டியிருந்தது.

பதினோராம் நாள் அவள் விபூதிப் பொட்டலத்தை நீட்டினாள். "அவருக்காக மண்சோறு சாப்புட்டு வந்தேண்ணே. இன்னைக்குப் பதில் வரும் பாரு."

கன்னியப்பன் அதை வாங்கவில்லை. "உக்காரும்மா" என்றார். பெர்னார் எழுதியதைத் தமிழில் ஒரு வரி விடாமல் சொன்னார்.

அவள் அழவில்லை. "இது எப்ப வந்துச்சு?"

"பதினோரு நாளாச்சு."

"அப்ப நான் மண்ணுல சோறு கொட்டித் துன்னது ஒனக்குத் தெரிஞ்சேதான் நடந்துச்சா?"

"விரதம்னு தெரியாதும்மா…"

"நான் வந்து நின்னது தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு சந்தின் மறுமுனை வழியாக நடந்தாள். இரண்டு மாதத்தில் தவளக்குப்பத்தில் இருந்த அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே தையல் மிஷின் போட்டிருக்கிறாள், தாலியைக் கழற்றி வைத்துவிட்டாள் என்று குஞ்சம்மாள் சந்தையில் கேட்டு வந்து சொன்னாள்.

அந்த மழைக்காலத்தில் மெட்ராஸிலிருந்து, உரிமம் கொடுத்த அலுவலகத்தின் கடிதம் வந்தது. அன்று அனுப்பிய செய்தியை யாரோ எழுத்துக்கு எழுத்து பிடித்திருந்தார்கள். விளக்கம் கேட்டிருந்தது. இராமதாஸ் சொந்தக்காரர் என்று பொய் சொல்லச் சொன்னார்கள் ஆலை நண்பர்கள். கன்னியப்பன் நடந்ததை எழுதினார். ஒரு வருடம் உரிமம் நிறுத்தம். அதிகாரி ஒருவர் வந்து, ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஒலிபரப்பும் கருவிக்கு அரக்கு முத்திரை வைத்தார். போகும்போது, "கேக்கறதுக்குத் தடை இல்லீங்க" என்றார்.

கேட்பதுதான் கொடுமையாக இருந்தது. ஐந்து மணிக்குப் பெர்னார், கன்னியப்பனின் அடையாளக் குறியைத் தந்தியில் அடித்துக் கூப்பிடுவார். நிறுத்துவார். பதிலுக்கு இடம் விட்டு மறுபடி கூப்பிடுவார். நடந்ததை எழுதிக் குஞ்சம்மாள் கையில் கொடுத்தனுப்பிய தபால் அவருக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை கன்னியப்பன் ஒருநாளும் ரேடியோவை அணைக்கவில்லை. கூப்பிடும் நேரத்தில் போர்வையின் நுனியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்வார்.

1988 கடைசியில் முத்திரையை உடைத்தார்கள். இனி இப்படிச் செய்வதில்லை என்று கையெழுத்து வாங்கினார்கள். போட்டார். அன்று மாலை தபால்பெட்டியைத் திறந்தபோது பெர்னாரின் முதல் கேள்வி அஞ்சலாட்சியைப் பற்றியதாக இருந்தது. அவள் எப்படி இருக்கிறாள்?

கன்னியப்பன் விசைப்பலகையை மார்மேல் இழுத்துக்கொண்டார். இங்கே மழை விட்டுவிட்டது, உங்கள் சிக்னல் நன்றாக வருகிறது என்று மட்டும் எழுதி அனுப்பினார்.