அவர் காலையும் சேர்த்து நேர்ந்துகொண்டேன்

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ஆலன் என்கிற ஊரில். பால் வாங்கவும் கார், பக்கத்துத் தெருத் தோழியைப் பார்க்கவும் கார். இங்கே ஒருவர் ரோட்டோரம் நடந்து போனால், ஒன்று கையில் நாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார் ரிப்பேராகியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் நானும் என் கணவரும் ஸ்பெயினில் நடப்பதற்குப் பழகப் போய்ப் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவருக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மகள் ஆஸ்டினிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேரும்வரை ஆஸ்பத்திரியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். எங்கள் ஊர்க் கோயில், இயேசுவின் சீடரான சந்தியாகப்பர் கோயில். தலைவலி, கல்யாணம், விசா என்று எதற்கும் அவரைக் கூப்பிட்டுத்தான் பழக்கம். அவருடைய கல்லறை ஸ்பெயினில், சந்தியாகோ என்கிற பழைய நகரத்தில் இருக்கிறதென்றும், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே நடந்தே போகிறார்களென்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டிருந்தேன். ஊரில் இருந்திருந்தால் நம் கோயிலுக்கு நடந்து வருகிறோம் என்று சொல்லி முடித்திருப்பேன். அமெரிக்கா வந்தவள் இல்லையா, வேண்டுதலும் கொஞ்சம் நீண்டுவிட்டது. "சந்தியாகப்பா, இவரை எனக்குத் திருப்பிக் குடு. நாங்க ரெண்டு பேரும் உன் கல்லறைக்கே நடந்து வர்றோம்" என்று வேண்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்து, ரசம் சாதம் ருசியாக இல்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிய பிறகுதான் நேர்த்திக்கடன் விஷயத்தை மெல்ல எடுத்துவிட்டேன்.

"நீ நடக்கறேன்னு நேந்துக்கோ. என் காலை எதுக்கு நேந்துவிட்ட? என்னை என்ன கோயிலுக்கு விட்ட ஆடுன்னு நெனச்சியா?" என்றார். போனில் கேட்டுக்கொண்டிருந்த மகளும் அப்பா கட்சி. "அம்மா, யூ கான்ட் டூ தட்" என்றாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை. ஒருவருக்காக இன்னொருவர் வேண்டிக்கொள்வது நம் குடும்பங்களில் நடக்கிற சாதாரண விஷயம் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இரண்டு நாள் முறைத்தவர் மூன்றாம் நாள் லேப்டாப்பைத் திறந்தார். ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். எதையாவது ப்ளான் பண்ணாமல் அவருக்குத் தூக்கம் வராது. எக்செல் ஷீட் ஒன்று பிறந்தது. கடைசி நூறு கிலோமீட்டர் நடந்தாலே யாத்திரை முடித்ததற்குச் சான்றிதழ் தருவார்களாம். அதை எங்கே தொடங்குவது, எந்த ஊரில் தங்குவது, எங்கே சோறு கிடைக்கும், வழியில் எங்கெங்கே ஆஸ்பத்திரி என்று கலர் கலராகப் பிரித்துவைத்தார். சந்தியாகோ நகரத்துக்கு மட்டும் தனி ஷீட். அங்கே மழை அதிகமாம், தெருவெல்லாம் கல் பாவியதாம், கல் தூண்களுக்கு அடியில் நனையாமலேயே, கல்லறை இருக்கிற கதீட்ரல்வரை நடக்கிற மாதிரித் தெருக்கள் உண்டாம். ஊருக்கு வெளியே ஒரு குன்று இருக்கிறது, நடந்து வருகிறவர்கள் அங்கிருந்துதான் முதன்முதலாகக் கோபுரங்களைப் பார்ப்பார்களாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது, போன வாரம்தான் போய்விட்டு வந்தவர் போல இருக்கும்.

ஆனால் வாசலில் இருக்கிற மெயில்பாக்ஸைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டார். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் மெஷின் மாட்டி நடக்கவைத்த நாட்களில் ஒழுங்காகப் போனார். அது முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இடது மணிக்கட்டில் எப்போதும் வலது கை விரல் இருக்கும். நாடி பார்த்துக்கொண்டே இருப்பார். மாடி ஏறினால் நாடி, தும்மினால் நாடி. ஷீட் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது. அவர் நாளுக்கு நாள் சோபாவுக்குள் புதைந்துகொண்டே போனார். உயிரோடு திரும்பக் கிடைத்த மனுஷர் இப்படியே பயந்து உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிடுவாரோ என்று நான் நினைக்காத நாளில்லை. ஸ்பெயினாவது மண்ணாவது, இவர் எழுந்து தெருமுனைவரை நடந்தால் போதும் என்றாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, "நம்ம சர்ச் வரைக்கும் நடந்து பார்ப்போம், வாங்க" என்றேன். காரில் போனால் பக்கம். நடந்தால் எவ்வளவு தூரம் என்று நான் யோசித்ததே இல்லை. "பார்க் வரைக்கும்தான் வருவேன்" என்ற கண்டிப்போடு, ஸ்பெயினுக்காக வாங்கிவைத்த புது ஷூவை மாட்டிக்கொண்டார்.

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த நடைப்பயணம் அதுதான். நேர்ந்துகொண்டு நடப்பதென்றால் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டும், அதனால் காபிகூடக் குடிக்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும், அதனால் போன்கள் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர் பாட்டிலை அவர் எடுத்தபோது, "அதையும் எதுக்குச் சுமந்துக்கிட்டு?" என்று வாங்கி மேஜையில் வைத்தேன். நடைப்பயணத்துக்கு யாராவது தண்ணீர் சுமந்து போவார்களா? வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுப்பார்களே. டெக்சாஸில் யார் எனக்குப் பந்தல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று என் புத்திக்கு அன்று உறைக்கவே இல்லை.

பார்க் வந்தது. "அந்த சிக்னல் வரைக்கும்" என்றேன். சிக்னல் வந்தது. "அந்த பெட்ரோல் பங்க் வரைக்கும்" என்றேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, இன்னும் ஒரே ஒரு வாய் என்று சொல்லிச் சொல்லியே கூட்டிப்போனேன். பிக்கப் டிரக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, கார் நின்றுவிட்டதா, உதவி வேண்டுமா என்று விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ் கார் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. கணவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் போகப் போக முகம் தெளிந்தது. இந்நேரம் ஸ்பெயினாக இருந்தால் எந்த ஊரைத் தாண்டியிருப்போம் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

பெட்ரோல் பங்குக்கு அப்புறம் ரோடு நேராக நீண்டது. இரண்டு பக்கமும் குடியிருப்புகளின் பின்பக்கச் செங்கல் சுவர். ஒரு வாசல் கிடையாது, ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறிவிட்டது. முதலில் நாக்கு ஒட்டியது. அப்புறம் காதுக்குள் இரைச்சல். உட்காரலாம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, உட்கார்ந்தது ஞாபகம் இல்லை. கண்ணைத் திறந்தபோது புல்லில் கிடந்தேன்.

அவர் என் பக்கத்தில் மண்டி போட்டிருந்தார். தன் மணிக்கட்டை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கடந்துபோன கார்களுக்குக் கை காட்டினார், ஒன்றும் நிற்கவில்லை. நானும் அவரைப் பார்த்தேன், அவரும் என்னைப் பார்த்தார். எழுந்தார். ஓட ஆரம்பித்தார்.

நெஞ்சைப் பிளந்து தைத்து ஆறு மாதம் ஆகாத மனுஷர், அந்தச் சுவரோரம் தொப்பை குலுங்க ஓடினார். "ஓடாதீங்க" என்று கத்த நினைத்தேன், குரல் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. எனக்கு என்ன ஆகுமோ என்கிற நினைப்பே இல்லை. இவர் எங்கேயாவது விழுந்துவிடக்கூடாதே என்பது மட்டும்தான். சந்தியாகப்பரிடம் அப்போது எதையும் நேர்ந்துகொள்ளத் தோன்றவில்லை. அவர் ஓடறார், பாத்துக்கோ என்றேன், அவ்வளவுதான்.

சுவர் முடிகிற இடத்தில் திரும்பி, குடியிருப்புக்குள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். முதல் வீட்டில் யாரும் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி திறந்தார். முன்பின் தெரியாத ஆள் வியர்த்து வழிந்து மூச்சு வாங்க வாசலில் நின்றால், இந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அந்தப் பெண்மணி வீட்டில் போட்டிருந்த உடையோடு, வீட்டுச் செருப்போடு, அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

என் கழுத்தில் ஐஸ் சுற்றிய துண்டை வைத்தார். பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து என் வாயில் வைத்தார். குண்டு வெள்ளரிக்காய் மிதக்கிற ஊறுகாய்த் தண்ணீர். புளிப்பும் உப்புமாக வாயெல்லாம் கூசியது. தன் பையன்கள் கால்பந்து விளையாடிவிட்டு வந்தால் இதைத்தான் குடிப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடி என்றார். மோர்ப்பந்தல் கிடைக்காத ஊரில் எனக்கு ஊறுகாய்ப் பந்தல் கிடைத்தது.

அந்தப் பெண்மணியே எங்களை அர்ஜென்ட் கேர் என்கிற அவசர கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வெயில் மயக்கம்தான், தண்ணீர் ஏற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். நான் கெஞ்சிக் கேட்டதால் கணவரையும் பரிசோதித்தார்கள். நாடி, ரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் நன்றாக இருந்தன. நாங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று அந்தப் பெண்மணி கேட்டார். ஸ்பெயினில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தோம் என்றேன். டெக்சாஸில் தண்ணீர் இல்லாமலா என்று கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். "யாரு உங்கள ஓடச் சொன்னது? ஏதாவது ஆகியிருந்தா?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீ கீழ கெடக்கறே. நான் நாடி பாத்துக்கிட்டு நிக்கவா?" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓடும்போது நானும் ஒண்ணு நேந்துக்கிட்டேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு, முடி" என்றார்.

"யார் முடி?"

"உன்னோடதுதான். எனக்கு ஏது?"

அவருடைய வழுக்கைத் தலையைப் பார்த்தேன். மறுக்கிற தகுதி எனக்கு இல்லை. மொட்டையா, மூன்று கொத்து மட்டும் வெட்டுகிற பூமுடியா என்று இன்றுவரை பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம். மகளிடம் சொன்னபோது, நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சரியான ஜோடி என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது அவர் வீட்டில் இல்லை. பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். தெருமுனையிலிருந்து கையை வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். "நேத்து அவ்வளவு ஓடியும் ஒண்ணும் ஆகலையே, அப்ப நடந்தா என்ன ஆயிடப்போகுது?" என்றார். அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கிற பழக்கம் எப்போது போனதென்று அவருக்கே தெரியாது.

விசா வந்துவிட்டது. வருகிற செப்டம்பரில் கிளம்புகிறோம். அவர் சொல்லும் கல் தெருக்களையும் குன்றையும் கோபுரத்தையும் நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் திருப்பிக் கேட்ட மனுஷர் அந்த ரோட்டில் எனக்காக ஓடியபோதுதான் எனக்கு முழுசாகக் கிடைத்தார் என்று நினைக்கிறேன்; அதனால் சந்தியாகப்பரிடம் கேட்க இனி என்னிடம் ஒன்றுமில்லை, அவ்வளவு தூரம் நடந்து போவது நன்றி சொல்லிவிட்டு வரத்தான்.