பெரியவருக்குக் கட்டிய சேவல்

நாங்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த சித்தியவானுக்கு அந்தப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். நடுவே வேலிகூடக் கிடையாது. அந்த எல்லையில் ஒரு கல்லை நட்டு முனி என்று கும்பிட்டோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ வேண்டுதலுக்காகக் கல்லருகே கட்டிவிட்டு வந்த சேவல், விடிவதற்குள் காணாமல் போயிற்று. ஈர மண்ணில் புலியின் காலடித் தடம். என் கையை விரித்து வைத்தாலும் அதை மறைக்க முடியவில்லை. பயந்து ஓட வேண்டிய ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முனிதான் புலிமேல் ஏறி வந்து காணிக்கையை எடுத்துக்கொண்டாராம். அதிலிருந்து வெள்ளிதோறும் ஒரு சேவல். புலி என்று வாயால் சொல்லவும் கூடாது, 'பெரியவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் கங்காணி விளக்கம் சொன்னார். "ஆண்டவன் எதையும் சும்மா படைக்கல. மரம் பாலுக்கு, பாம்பு எலியப் புடிக்க, பெரியவர் நம்ம காவலுக்கு."

"அப்ப அட்டை எதுக்கு, கங்காணியாரே?" என்றேன்.

"ஒன்ன மாதிரி வாயாடியக் கடிக்கத்தான்லா!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் பால் வெட்டுகிற மர நிரை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. வேறு வழியில்லாமல் என் பிள்ளையைக் கூடவே தூக்கிப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே சேலையில் தூளி கட்டினேன். நாலைந்து மரத்தில் பால் வெட்டிவிட்டுத் திரும்பினால், தூளிக்குப் பக்கத்தில் அது நிற்கிறது.

கத்தி கையில்தான் இருந்தது, கைதான் அசையவில்லை. பிள்ளை உள்ளே காலை உதைக்க, சேலை ஆடியது. புலி அதைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. காவல் காக்கிற பார்வையும் இல்லை, கொல்கிற பார்வையும் இல்லை. இரண்டு மரங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அப்புறம் கல்லுக்குப் போய் வெறும் கயிற்றை முகர்ந்துவிட்டுக் காட்டுக்குள் போனது. அன்று செவ்வாய்க்கிழமை, சேவல் கட்டாத நாள். அது எங்களுக்காகவும் இல்லை, எங்களுக்கு எதிராகவும் இல்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு எங்கள் வீடுகள் இருந்த லயத்துக்கு ஓடினேன்.

லயத்தில் எல்லோருக்கும் புல்லரித்தது. "பாத்தியா, ஒம் புள்ளைக்குக் காவல் நின்னிருக்காரு!"

"சேவலத் தேடி வந்துச்சு. நாமளே சோறு போட்டுக் கூப்புட்டுருக்கோம். இனிமே கட்டாதீங்க," என்று கத்தினேன்.

"கட்டாம விட்டா பசியில லயத்துக்கே வந்துருமே, புள்ள?" என்றார் என் வீட்டுக்காரர். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் வளர்த்த சேவலையே கொண்டுபோய்க் கட்டினார்.

மறுநாள் விடியற்காலை எல்லைப் பக்கமிருந்து எங்கள் சேவல் கூவியது. "பெரியவர் வரல, கவலையில்ல" என்று ஆளாளுக்கு நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு பால் வாளியைத் தூக்கினார்கள். ஆயாவுக்குக் காய்ச்சல் இன்னும் விடவில்லை. பிள்ளையை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு என் நிரைக்கு நடந்தேன். சேவல் மறுபடியும் கூவியது.

அப்படியானால் புலி இன்னும் சாப்பிடவில்லை.