ரூத் சொல்லும் நம்பர்

போன் நம்பர் கேட்டால் ரூத் முதலில் தப்பாகத்தான் சொல்வாள். ரேஷன் கடையானாலும் சரி, சிலிண்டர் போடுகிறவரானாலும் சரி, "தொண்ணூத்தி நாலு..." என்று மளமளவென்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அது வேணாண்ணா, வேற சொல்றேன்" என்பாள். அந்த நம்பர் அவளுடையதல்ல, ஜெயப்பிரியாவுடையது.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ரூத். கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் வேலை. தின்பது எதுவானாலும் பாதியைத்தான் தின்பாள். மீதி பொட்டலமாகிப் பைக்குள் போய்விடும். கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். பழக்கதோஷமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரயில்வே கேட் பக்கம் ஒரே அறையில் நாலு பெண்கள். அவர்களில் ஜெயப்பிரியா நைட் ஷிப்ட் முடிந்து வருவாள் என்று எதிலும் பாதியை எடுத்து வைத்துப் பழகிய கை. அறைக்கே ஒரு போன்தான், அதுவும் படாளத்து ஜெயப்பிரியாவுடையது. ஆதாரில் நாலு பேருக்கும் அந்த நம்பரையே கொடுத்திருந்தார்கள்.

"எவளுக்கு போன் வந்தாலும் நாலு பேரும் எழுந்து ஒக்காருவோம்க்கா" என்று சொல்லும்போது ரூத்துக்குப் பத்து வயது குறைந்துவிடும்.

பிறகு ஜெயப்பிரியாவுக்குச் சொந்த ஊரான படாளத்திலேயே கல்யாணம் ஆனது. ரூத் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றுபோனது.

இந்த வருடம் ரூத் சூப்பர்வைசர் ஆனாள். அம்மாவுக்கு வீடு கட்டக் கடன் கேட்டிருந்தாள். வருமான வரி தாக்கல் செய்த ரசீது திங்கட்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் கடன் கிடையாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அவள் குடும்பத்தில் வீட்டு வரிக்கு மேல் ஒரு வரியை யாரும் கண்டதில்லை. துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு அருணகிரியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். எனக்கு மட்டும் என்ன தெரியும், போனேன்.

எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அருணகிரி நிமிர்ந்தார். "ஆதார்ல கீற நம்பருக்கு ஓடிபி போய்கீது, சொல்லும்மா. அத போட்டாத்தான் தாக்கல் பண்ண கணக்கு."

ரூத் கையிலிருந்த கடலை மிட்டாயைக் கடிக்க மறந்து நின்றாள். நம்பரை மாற்ற நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை வங்கி காத்திருக்காது. வீம்பு ஒரு பக்கம், அம்மாவின் வீடு ஒரு பக்கம். கடைசியில் மனப்பாடமாகவே நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு?"

"ரூத்துடி."

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, "இன்னா வேணும்?"

"உன் போனுக்கு ஒரு ஓடிபி வந்துகீதா பாரு."

"வந்துகீது. யாருக்கும் சொல்லாதன்னு போட்டுகீது."

"நான் யாரோவாடி?"

ஜெயப்பிரியா ஓடிபியை விட்டுவிட்டாள். "கல்யாணத்தன்னிக்கு வாசலயே பாத்துகினு இருந்தேன்டி."

"லீவு தரலடி. அன்னிக்கு அழுதுகினேதான் ஒயர் சொருகினேன்."

ஓடிபி காலாவதியானது. அருணகிரி மறுபடி அனுப்பினார். அதற்குள் இருவரும் வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரை நிறுத்திய பழைய கதைக்குப் போயிருந்தார்கள், அதுவும் வீணானது. மூன்றாவதைத்தான் ஜெயப்பிரியா படித்துச் சொன்னாள். ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்குப் பொறாமையாக இருந்தது.

ரசீது அச்சாகி வந்தது. அருணகிரி ஒரு சீட்டில் ஆதார் மையத்தின் முகவரியை எழுதி நீட்டினார். "நம்பர மாத்திக்கம்மா. இல்லாங்காட்டி வருசா வருசம் இதே பேஜாரு."

"சரிண்ணா" என்று வாங்கிக்கொண்டாள் ரூத். "படாளத்துக்கு இப்ப பஸ் கீதாக்கா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே கடலை மிட்டாயைப் பாதி கடித்தாள். மீதியை அந்தச் சீட்டில் பொதிந்து பைக்குள் போட்டுக்கொண்டாள்.