முனியாயி வாய் திறந்த நாள்

சிலமலை முனியாயி இருக்கிற தெருவுக்கு ரேடியோ விற்க வந்தவன், ஒரு நாள் நின்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனானாம். தொண்டை அப்படி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் நின்று அவள் ஒரு கூவல் விட்டால், கீழே போடியில் கொடியில் காய்கிற சேலை ஆடும். இதில் நான் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன், ரொம்ப இல்லை.

அந்தக் கூவலுக்கு மலையில் சோலி இருந்தது. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அடியில் குத்தவைத்துக் காய் எடுப்பவளுக்கு அடுத்த செடிக்காரி கண்ணில் படமாட்டாள். பனி இறங்கினால் கேட்கவே வேண்டாம். அதனால் கங்காணி ராக்கையா அடிக்கொரு தரம் "ஊ" என்பார். ஒவ்வொருத்தியும் இருந்த இடத்திலிருந்து பதிலுக்குக் கூவணும். யார் எங்கே என்று அதில்தான் தெரியும். ஆள் நடமாட்டம் இருக்கிறதென்று ஆனைக்கும் தெரியும். அது ஒதுங்கிப் போகும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் முனியாயிக்கு ஞானப்பல் கிளம்பியது. நேராக வராமல் பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு படுத்துவிட்டது. கன்னம் வீங்கி ஒரு கண்ணை மூடியது.

"ரெண்டு பிள்ளை பெத்த பெறகு இப்பத்தான் ஞானம் வருதாக்கும்," என்றான் புருஷன் சோலைமலை.

"வரட்டும். வந்ததும் மொத வேலையா உன்னையத்தான் தள்ளி வைக்கப் போறேன்," என்றாள் பாதி வாயால்.

போடியில் பல் டாக்டர் ஈறைக் கீறி, பல்லைத் துண்டு துண்டாக உடைத்து எடுத்து, தையல் போட்டார். "பேசக்கூடாது, துப்பக்கூடாது, வெத்தலை கூடாது. வாயைப் பெருசாத் திறந்தா தையல் பிரிஞ்சிடும். அப்புறம் ரத்தத்தை நிறுத்துறது கஷ்டம். ஒரு வாரம் வீட்டுல கிட."

கிடந்திருப்பாள். அன்னக்கொடி விடவில்லை. அன்னக்கொடி அவள் கொழுந்தன் பெண்டாட்டி, ராசிங்காபுரத்துப் பிள்ளை, கல்யாணமான புதுசு. கடலைக்காடு தெரியும், ஏலக்காடு தெரியாது. முனியாயி அக்கா கூட்டிப் போவதாகச் சொன்ன நாளில் போயே தீருவேன் என்று தோட்டத்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். புதுப் பெண்ணைத் தனியாகக் காட்டுக்கு அனுப்ப மனசில்லாமல், தாடையோடு தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு முனியாயியும் பின்னாடியே ஏறினாள். பல் எடுத்து மூன்றாம் நாள்.

"வாயைக் கட்டிட்டு வந்தா, ஆத்தா, நீ இருக்கியா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுக்கிறது?" என்றார் ராக்கையா.

"அக்காவுக்கும் சேத்து நானே கூவுறேன் மாமா. ரெண்டு வாட்டி கூவுனா ரெண்டு பேரும் இருக்கோம்னு அர்த்தம்," என்றாள் அன்னக்கொடி.

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல ஏற்பாடுதான் என்று ராக்கையாவும் சொல்லிவிட்டார்.

மத்தியானம் பனி இறங்கியது. காய் பார்த்துக்கொண்டே முனியாயி மேல்வரிசைக்கு ஏறிவிட்டாள். ராக்கையா குரல் கொடுத்தார். அன்னக்கொடியின் கூவல் ரெண்டு தரம் வந்தது. ஆனால் பக்கத்திலிருந்து வரவில்லை; கீழே ஓடைப் பள்ளத்திலிருந்து வந்தது. அடுத்த தரம் இன்னும் கீழே. அக்காவைத் தொலைத்துவிட்டோம் என்று சொன்னால் நாளைக்கு மலைக்கு விடமாட்டார்கள் என்ற பயத்தில், தேடிக்கொண்டே ரெண்டு ஆளுக்குக் கூவிக்கொண்டிருந்தாள். ராக்கையாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. கீழே ஒருத்திதான் இருக்கிறாள் என்பது முனியாயி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் சத்தம் வந்த பக்கம் இறங்கினாள். தடத்தில் ஆனை லத்தி கிடந்தது. ஆவி பறந்தது. தலையைத் தூக்கினாள். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் பாறை என்று நினைத்தது காதை ஆட்டியது. ஒத்தைக் கொம்பன்.

அதுக்கு அந்தப் பக்கம், அதே தடத்தில், அன்னக்கொடி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். "அக்கா... எங்கக்கா இருக்க?"

முனியாயி கையைத் தட்டினாள். இலையெல்லாம் சொட்டுகிற சத்தத்தில் அது யார் காதில் விழும்? துண்டை அவிழ்த்தாள். கூவப் பார்த்தாள். தாடை விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. வெளியே வந்தது முனகல்தான். ஆனை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது.

"அக்கா..." இன்னும் கிட்டே.

முனியாயி வாய்க்குள் விரலை விட்டுக் கீழ்த்தாடையை இழுத்தாள். தையல் அறுந்த சத்தம் உள்காதில் கேட்டதாம்.

"அன்னக்கொடீ! ஆனை! வராதே! ஓடைக்கு ஓடு!"

கீழே செடி முறிய ஓடுகிற சத்தம். ஆனை திரும்பியது. இப்போது அது பார்த்தது முனியாயியை. அவள் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டாள். அது யோசித்த நேரத்தில் ஒரு பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. எழுதித் தேறிவிடலாம். அதுக்குள் ராக்கையாவும் மற்ற பெண்களும் சேர்ந்து போட்ட கூச்சலில் மலையே எழுந்தது. கொம்பன் சலித்துக்கொண்ட மாதிரி மேட்டுப் பக்கம் ஒதுங்கிப் போனது.

அப்புறம்தான் முனியாயியின் நெஞ்செல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்தார்கள். பனித்தண்ணி இல்லை, ரத்தம்.

ஜீப்பு கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சாய்ந்து சாய்ந்து இறங்கியது. மடித்த துணியை முனியாயி கடித்துக்கொண்டிருந்தாள். தாடைக்குக் கீழே கையை வைத்து அன்னக்கொடி அழுத்திப் பிடித்திருந்தாள். துணி நனைய நனைய வேறு துணி. "அண்ணே, வெரசாப் போங்கண்ணே," என்று டிரைவரிடம் சொல்வாள், ஜீப்பு வேகமெடுத்தால் "மெதுவாண்ணே!" என்று அலறுவாள். பாதி மலையில் முனியாயியின் கண் செருகியது. கன்னத்தில் அறைந்து எழுப்பினாள், வீங்காத கன்னமாகப் பார்த்து.

டாக்டர் பார்த்ததும் கத்தினார். "வாயைத் திறக்காதேன்னு சொன்னேனா இல்லையா? அப்படி யாரைக் கூப்பிட்டே?"

"என்னையத்தாங்க," என்றாள் அன்னக்கொடி.

டாக்டர் கையைக் கழுவினார். ஊசியை எடுத்தார். தையல் போட்ட பிறகும் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. போடித் தெருவில் விளக்குப் போடுகிற நேரத்தில்தான் ஒரு பஞ்சு வெள்ளையாக வந்தது. அன்னக்கொடி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

இந்தத் தடவை முனியாயி வீட்டில் கிடந்தாள். ஆறின கஞ்சி, உப்புத்தண்ணி, ஊமைப் பாஷை. அன்னக்கொடி மலைப்பக்கமே போகாமல் பக்கத்தில் இருந்து கரண்டியால் ஊட்டினாள். முனியாயி முறைத்துக்கொண்டே குடித்தாள். உள்ளே வசவு சேர்ந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. "திட்டுக்கா. ஆனா புண்ணு ஆறட்டும், அப்புறமாத் திட்டு," என்றாள் இவள்.

புண் ஆறி, இட்லியைப் பிட்டு வாயில் போட முடிந்த காலையில் முனியாயி பேசினாள். முதல் பேச்சு இதுதான்:

"கீழ பள்ளத்துக்கு எதுக்குடி போன, கூறுகெட்டவளே?"

"நீ மயங்கி எங்கயும் விழுந்து கெடக்கியோன்னு, உன்னையத் தேடித்தாங்க்கா."

முனியாயி வாயைத் திறந்தாள். இட்லியைத் தட்டோடு அவள் பக்கம் தள்ளி, "நீ தின்னியா?" என்றாள்.